பதினான்காவது கேள்வி

பென்சிலை நான்தான் சீவிக் கொடுப்பேன். அவள் சீவினால் முனை பட்டென்று உடைந்துவிடும், அவசரக்காரி. கல்யாணமான புதிதில் இதை வைத்தே அவளைக் கிண்டல் செய்வேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். எங்களுக்குள் சிரிப்பும் இருந்தது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மனநல மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் கேள்வித்தாள் கொடுத்து, வாங்கி, மதிப்பெண் போடுவது. தாம்பத்திய உறவு என்றாலே பயப்படுகிறவர்களுக்கு அந்தப் பயம் எவ்வளவு என்று அளக்கும் தாள். இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை ஐந்து கட்டம், பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். மொத்தம் எண்பது. வாய்விட்டுச் சொல்லக் கூசுவதையும் மனிதர்கள் டிக் போட்டுச் சொல்லிவிடுவார்கள்.

என் மனைவிக்கும் அந்தப் பயம் இருந்தது. சனிக்கிழமைதோறும் அவளுக்கும் ஒரு தாள் கொடுத்து அளந்தேன். முதல் சனிக்கிழமை அறுபத்தொன்று. பயத்துக்கு மருந்து பழக்கம்தான் என்று எங்கள் பிரிவு டாக்டரம்மா யாரிடமோ சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் பழக்கினேன். வேண்டாம் என்று அழுவாள். பயம்தான் பேசுகிறது, அவள் பேசவில்லை என்று எடுத்துக்கொள்வேன். நடுவில் யாராவது மனதைக் கலைத்தால் அளவு தப்பிவிடும் என்பதால் அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டினேன்.

பத்தாவது வாரம் பன்னிரண்டுக்கு இறங்கினாள்.

“கொறஞ்சா அண்ணன் வீட்டுக்கு அனுப்புறேன்னு சொன்னீங்களே.”

“இப்ப நிறுத்தினா மறுபடி ஏறிடும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.”

அடுத்த வாரம் ஐம்பதுக்கு ஏற்றிக் காட்டினாள். ஏறினால் சிகிச்சை போதவில்லை என்று அர்த்தம். இன்னும் மெனக்கெட்டேன். எனக்கும் அலுப்புதான், அதை யாரும் கேட்பதில்லை.

பன்னிரண்டாவது சனிக்கிழமை எல்லாவற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று போட்டிருந்தாள். பதினான்காவது கேள்விக்கும் அதேதான். அது மட்டும் தலைகீழாகக் கேட்பது, ‘ஒருபோதும் இல்லை’ என்றால் நான்கு மதிப்பெண்: ‘கணவர் அருகில் இருக்கும்போது பாதுகாப்பாக உணர்கிறேன்.’ படிக்காமல் டிக் போடுகிறவர்களைப் பிடிக்கத்தான் அதை வைத்திருக்கிறோம்.

“படிக்காமயே போட்டிருக்க. இந்தத் தாள் செல்லாது.”

“செல்லாத தாளை என்ன பண்ணுவீங்க?”

என் வேலையைப் பற்றி அவள் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். விளக்கமாகச் சொன்னேன். தாள்களுக்கு வரிசை எண் உண்டு, ஒன்று குறைந்தாலும் கேள்வி வரும். அதனால் அவளுடையதையும் ஆபீஸ் தாள்கட்டோடுதான் சேர்ப்பேன். சரியானவை கம்ப்யூட்டரில் ஏறும். செல்லாதவற்றை மட்டும் டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்.

“ஓஹோ,” என்றாள்.

அடுத்த வாரமும் அதே தவறைச் செய்தாள். நான் திட்டக்கூட இல்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் எழுதியிருக்க வேண்டும். தாளில் ஒரு பக்கம்தான் அச்சு; பின்பக்கத்தை நான் ஏன் பார்க்கப்போகிறேன்? வீட்டு முகவரி, வெளியே பூட்டியிருப்பது, மற்றதெல்லாம் அங்கே இருந்தன. நான் சீவிக் கொடுத்த பென்சில். கசங்காமல் நானே பையில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பூட்டியது நான்தான். பதின்மூன்று வாரம் அவள் விருப்பமில்லாமல் தொட்டதும் நான்தான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் என்னைக் கண்டு அவளுக்குப் பயம் என்று எழுதுகிறீர்களே, அதில் மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தக் கடைசித் தாளைக் கூட்டிப் பாருங்கள், மேடம். எண்பதுக்கு நான்கு. பின்பக்கம் எழுதுவதற்கு மதிப்பெண் கிடையாது.