வடிகட்டிய வெள்ளிக்கிழமைகள்

இந்த டம்ளர் தண்ணீரைக் கைக்குட்டை மடித்து வடிகட்டிக் குடித்ததைப் பார்த்து உங்கள் ஏட்டு சிரிக்கிறார். சிரிக்கட்டும். திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் வீட்டில் வடிகட்டாத தண்ணீரை யாரும் குடித்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கூட நம் வாயில் போய்ச் சாகக் கூடாது என்பது ஜைனர்களான எங்களுக்கு நாலு வயதில் சொல்லித் தருகிற பாடம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டையும் முடித்துவிடுவோம். என் பெயர் ஸ்ரீவர்தன், வயது முப்பத்தொன்பது, கலியாணம் ஆகவில்லை, இதுவரை ஓர் எறும்பைக்கூடத் தெரிந்து மிதித்தவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

பிள்ளையார்பாளையத்தில் நான் பிரவுசிங் சென்டர் திறந்தது 2001-ல். ஊரில் அப்போதே பத்துப் பன்னிரண்டு சென்டர் இருந்தன, பாதிக்குமேல் சாக்கடை. ஒருவர் எழுந்து போய் அடுத்தவர் உட்கார்ந்தால், முன்னவர் பார்த்த பக்கம், எழுதிய கடிதம் எல்லாம் அப்படியே கிடக்கும். என் கடையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆள் எழுந்ததும் நானே போய் இன்டர்நெட் ஆப்ஷன்ஸைத் திறந்து குக்கீயை அழிப்பேன், ஹிஸ்டரியைத் துடைப்பேன். பிரைவசி என்ற பக்கத்தில் மேலும் கீழும் நகர்த்துகிற ஒரு கட்டை உண்டு. மற்ற கடைக்காரர்களுக்கு அது இருப்பதே தெரியாது. நான் அதை மேலே ஏற்றி வைத்திருந்தேன். ஆபாசத் தளங்களைத் தடுக்கிற பட்டியலில் என் கையால் ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்த்தவை நானூற்றுப் பன்னிரண்டு. வயதுக்கு வந்த பெண்களைப் பெற்றவர்கள் தனியாக அனுப்பிய கடை அந்த வட்டாரத்தில் என்னுடையது ஒன்றுதான். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் மேஜைமேல் இருந்த ஐந்தாம் நம்பர் மெஷின் மட்டும் வேறு. அதில், பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளும் டிக்கை நான் எடுக்கவில்லை. அது வசதிக்கு. தறிக்காரர்கள் இங்கிலீஷ் தட்டத் தெரியாமல் என்னிடம்தான் வருவார்கள். மெயில் திறந்து கொடுத்தவனும் நான், தட்டுகிறவனும் நான், வந்ததைப் படித்துச் சொல்கிறவனும் நான். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்கள், அவரவர் தறியில் ஓடுகிற சேலைக் கரையின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். தாழம்பூ, மயில்கண், ருத்திராட்சம். எந்த வீட்டில் எந்தக் கரை நெய்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ஜனங்கள். சாவி என்னிடம் இருந்ததால்தான் பத்திரமாக இருந்தது.

தினேஷ் 2002 ஐப்பசியில் வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். போவதற்கு முதல் நாள் மனைவி அகிலாவோடு கடைக்கு வந்து, தனக்கு ஒன்று அவளுக்கு ஒன்று என்று இரண்டு மெயில் திறந்துகொண்டான். இரண்டுக்கும் பாஸ்வேர்டு தாழம்பூ.

“வீட்ல போன் இல்ல சார். வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் எழுதிடுவேன். வெள்ளிக்கிழமை இவ வருவா, நீங்கதான் கொஞ்சம் படிச்சிக் காட்டணும். அவசரம்னா கடை நம்பருக்கே பண்றேன்” என்றான்.

அங்கே தமிழ் எழுத்து கிடைக்காது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அனுப்புவான். அகிலாவுக்குத் தமிழ் சரளமாக வரும், இங்கிலீஷ் எழுத்து தெரியாது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் காமாட்சியைக் கும்பிட்டுவிட்டு நேரே வருவாள், ஸ்டூலில் உட்காருவாள், நான் படிப்பேன். அவள் பதில் சொல்லச் சொல்லத் தட்டுவேன். பதினைந்து மாதம் ஒரு குறை கிடையாது. அவள் என்ன பூ வைத்திருந்தாள் என்றெல்லாம் கவனிக்கிற ஆள் நான் இல்லை. பெரும்பாலும் கதம்பம். மார்கழியில் மட்டும் டிசம்பர் பூ.

போன தை மாதம் முதல் கெட்ட கடிதம் வந்தது. ஃபோர்மன் அறைந்துவிட்டான், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், காலில் கம்பி குத்திய புண் ஆறவில்லை என்று மூன்று வரி. அகிலா ஸ்டூலில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டு அவளால் என்ன செய்ய முடியும்? அழ முடியும். அழுவதற்கு என் கடைக்கு வர வேண்டியதில்லை. மூன்று வரியையும் விட்டுவிட்டு மற்றதைப் படித்தேன். சந்தோஷமாகப் போனாள்.

அடுத்த வாரம் விடுவதற்கு நிறைய வரி இருந்தது, படிப்பதற்குத்தான் இல்லை. எனவே நானாகச் சில வரிகளைச் சேர்த்துப் படித்தேன். கேம்பில் கோழிக்குழம்பு, பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டை, அந்த மாதிரி. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் தினேஷுக்கு எழுத வராது. பதினைந்து மாதமாக அவன் எழுதியது ‘நலம், நலமறிய ஆவல், உடம்பைப் பார்த்துக்கொள்’ மட்டும்தான். ஆனால் அவள் சொன்ன பதில் என் கோழிக்குழம்புக்கு, அவன் கேட்டதோ வேறு. அதை அப்படியே அனுப்பினால் அவன் குழம்பிப் போவான். ஆகவே அவள் பெயரில் அவனுக்குப் போகிற பதிலையும் நானே எழுத வேண்டியதாயிற்று. வேலை இரட்டிப்பானது, நான் முகம் சுளிக்கவில்லை.

மாசியில் அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகத்தை வைத்து ஏபிசிடி படிக்கத் தொடங்கினாள்.

“எழுத்துக் கூட்டிக்கினு இருக்கேண்ணா. இன்னும் ரெண்டு மாசத்துல நானே படிச்சிடுவேன். எவ்ளோ நாளைக்குத்தான் உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறது” என்றாள்.

அந்த வாரம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவளே படிக்கத் தொடங்கிவிட்டால் திரையில் இருப்பதும் நான் படிப்பதும் ஒன்றாக இருந்தாக வேண்டும். தினேஷின் பெயரைத் தட்டினால் பாஸ்வேர்டு தானே வந்து நிற்கும் மெஷின் என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமை அவன் எழுதியதை அவள் மெயிலிலிருந்து அழித்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் அவன் கணக்கிலிருந்தே நல்ல கடிதம் ஒன்று அனுப்பிவைப்பேன். அவள் விரலை வைத்துக் கூட்டிப் படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

இதை மேலோட்டமாக என் அப்பாவிடம் ஒரு நாள் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வருகிற கடிதங்களில் கெட்டதை வடிகட்டித்தான் ஜனங்களுக்குக் கொடுக்கிறேன் என்றேன். அவர் பெருமைப்படுவார் என்று நினைத்தேன்.

“வடிகட்டினா மட்டும் ஆச்சாடா? துணியில நின்னுதே, அதுங்கதான் உயிரு. அதுங்கள தண்ணியோட எடுத்துக்கினு போயி எந்தக் கெணத்துல மொண்டியோ அதே கெணத்துல விடணும். அத உட்டுட்டு துணிய வெயில்ல ஒதறுனா, வடிகட்டாம குடிக்கிறவன விட நீ பெரிய பாவி” என்றார்.

அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அழித்த மெயில் உடனே போய்விடாது, தனியாக ஒரு பெட்டியில் சில நாள் கிடக்கும். நான் அந்தப் பெட்டியையும் அன்றன்றைக்கே காலி செய்துவிடுவேன். சுத்தம் என்றால் முழுச் சுத்தமாக இருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்கிற அந்தப் பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் தினேஷ் எப்படியோ தூதரகத்தில் யாரிடமோ பேசியிருக்கிறான். புருஷனைத் திருப்பி அனுப்பும்படி மனைவி ஒரு மனு எழுதிக் கையெழுத்திட்டு, தாலுகா ஆபீஸ் முத்திரையோடு அனுப்ப வேண்டும், அது வந்தால் அவர்களே ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். ‘அது ஒண்ணு வந்தா போதும் அகிலா, நான் வந்துடுவேன். கால் வீங்கிக்கிட்டே போகுது. சீக்கிரம்மா’ என்று எழுதியிருந்தான். நாலு வாரம் அதையே எழுதினான். மூன்று முறை கடைக்குப் போன் செய்தான். அகிலா ஊரில் இல்லை என்றேன்.

ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று விடிந்ததிலிருந்து இதோடு ஆறாவது முறை கேட்கிறீர்கள். அவன் வந்து என்ன செய்திருப்பான்? அந்தக் காலோடு குழித்தறியில் இறங்கி மிதிக்க முடியுமா? அவளுக்கு ஒரு நோயாளியும் கடன் தொல்லையும்தான் மிச்சமாகியிருக்கும். தவிர, அவன் வந்துவிட்டால் மெயில் எதற்கு, வெள்ளிக்கிழமை எதற்கு? எனக்காகச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். அவள் வாரம் முழுக்கத் தறியில் குனிந்திருந்துவிட்டு ஒரு மணி நேரம் சிரிக்க வந்த இடம் அது. நானே பறிப்பேனா?

ஆனி இரண்டாவது வெள்ளி. அவன் கடிதம் மூன்று பக்கம் வந்திருந்தது. ஒரே புலம்பல். எனக்குச் சலித்துவிட்டது, சார். நானும் மனுஷன்தானே. அவள் பெயரில் ஒன்றரை வரி தட்டி அனுப்பினேன். ‘பேப்பர் அனுப்பிட்டேன், தூதரகத்துல உங்க பேர்ல இருக்கும். போய் வாங்கிக்கோங்க.’ ஒரு வாரமாவது நிம்மதியாக இருப்பான், இருக்க விடுவான் என்று நினைத்தேன். கேம்பிலிருந்து தூதரகம் எண்பது கிலோமீட்டர் என்று அவன் முன்பே எழுதியிருந்தான். அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்குச் சௌகரியமாக இருக்கும் என்று என் வக்கீல் சொல்கிறார். நான் படித்த எதையும் மறப்பதில்லை.

மறு வெள்ளிக்கிழமை காலையில் அகிலாவின் மெயிலுக்குத் தர்மன் என்றொருவன் எழுதினான். வாலாஜாபாத்துக்காரன், தினேஷுக்குப் பக்கத்துக் கட்டில். நான் குறட்டை விட வைத்தேனே, அந்த ஆள். ‘அக்கா, கேம்ப் வண்டியில ஏத்த மாட்டேன்ட்டாங்க. தினேஷ் நடந்தே போனாரு. வெயில்ல ரோட்டோரமா விழுந்து கெடந்தாரு, உயிரு இல்ல. தூதரகத்துக்கு இன்னும் இருவது கிலோமீட்டர்தான். சட்டைப் பாக்கெட்டுல உங்க மெயில பிரின்ட் எடுத்து வெச்சிருந்தாரு.’

அழித்தேன். தர்மனின் முகவரியையும் தடுக்கிற பட்டியலில் சேர்த்தேன். அதற்குப் பிறகு அவன் எத்தனை எழுதினாலும் வரவில்லை. வேலைக்காரன் ஓடிப்போய்விட்டான் என்று கம்பெனி சாதித்ததால் அரசாங்கக் கடிதமும் தாமதமாயிற்று. நாலு மணிக்கு அகிலா வந்தாள். தினேஷ் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன்.

ஆமாம், அன்றைக்கும் எழுதினேன். அதற்கடுத்த வெள்ளியும். மொத்தம் ஏழு வெள்ளி. உங்கள் ஏட்டு இப்போது சிரிக்கவில்லை, கவனித்தேன். அந்த ஏழு வாரமும் அவள் பூவும் பொட்டுமாக வந்தாள். நான் அன்றே வாயைத் திறந்திருந்தால் அன்றே சொந்தக்காரப் பெண்கள் கூடி எல்லாவற்றையும் எடுத்திருப்பார்கள். செத்துப்போனவனின் மனைவியை ஏழு வாரம் சுமங்கலியாக வைத்திருந்தவன் நான். இந்த ஊரில் வேறு எவனால் முடியும்? தர்மன் லீவில் வந்து அவள் வாசலில் நின்று ஓவென்று அழுது எல்லாவற்றையும் கெடுத்தான். அவனை யாரும் ஸ்டேஷனுக்குக் கூட்டி வரவில்லை.

என்ன செக்‌ஷன் போடுவது என்று தெரியாமல் நீங்கள் புத்தகத்தைப் புரட்டுவதாகக் கேள்விப்பட்டேன். நான் உதவி செய்கிறேன். இரண்டு பேரின் கடிதங்களையும் திறந்தது நான், அழித்தது நான், எழுதியது நான். அவனை நடக்க வைத்தது அந்த ஒன்றரை வரி என்றால் அதுவும் நான் எழுதியதுதான். ஊர் திரும்ப அவனிடம் இருந்தது ஒரே வழி, அதை அடைத்தவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மறுபடி அந்த ஸ்டூலில் அவள் வந்து உட்கார்ந்து என் வாயைப் பார்த்தால் அந்த மூன்று வரியை மறுபடியும் விட்டுவிட்டுத்தான் படிப்பேன்.

நேற்று அகிலாவை இங்கே அழைத்து வந்தீர்கள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நீங்கள் எதிர்பார்த்தது எனக்குத் தெரிந்தது. அவள் உட்காரக்கூட இல்லை.

“அண்ணா, எதெது அவரு எழுதுனது, எதெது நீங்க எழுதுனதுன்னு மட்டும் சொல்லிடுங்க. வேற ஒண்ணுமே நான் கேக்கல. இனிமே அதான எனக்கு இருக்குது” என்றாள்.

நான் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“‘நீ சிரிக்கறத நெனச்சிக்கினா பசி கூடத் தெரியல’ன்னு ஒண்ணு வந்துச்சே. அதுவாச்சும் அவரு எழுதுனதுதானேண்ணா?” என்றாள்.

நேற்று சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். எனக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம், கேட்டால் தேதியோடு பிரித்துக் கொடுக்க முடியும். பிரித்தால் அவள் பங்குக்கு வருவது ‘நலம், நலமறிய ஆவல்’, அப்புறம் அடி, புண், பேப்பர். சிரித்ததெல்லாம் என் பக்கம் வந்துவிடும். புருஷனைப் பறிகொடுத்தவளிடமிருந்து அதையும் பிடுங்குகிற கல்நெஞ்சு எனக்கு இல்லை. அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவதைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்க வருகிறீர்கள். இந்த ஊரில் காய்கறிக்காரனும் அண்ணாதான், அதில் ஒன்றுமில்லை.

அந்தப் பசி வரி என்னுடையது. உங்கள் ஃபைலுக்காக மட்டும் சொல்கிறேன், அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, அவளுக்கே தெரியும். அதை நான் படித்தபோது அவள் திரையைப் பார்க்கவில்லை சார், என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.