முடி மாத்திரை

– கையை நீட்டு. ரெண்டு கையும். விரலை விரிச்சு.

– எதுக்குக்கா? கஸ்டமர் வர்ற நேரம்.

– வரட்டும். தலை எங்கயும் ஓடிடாது. ம்... கொஞ்சம்கூட நடுங்கல.

– கத்தரி பிடிக்கிற கை. நடுங்கினா எவ நம்பித் தலையைக் கொடுப்பா?

– எடை குறைஞ்சிருக்கா?

– போன வாரம்தான் ஜிப்பு பிஞ்சுது.

– படபடப்பு? வேர்வை? தூக்கம் வருதா?

– படுத்தா கட்டை மாதிரி தூங்குறேன். அக்கா, தைராய்டு அதிகம்னு டாக்டரே சொல்லியாச்சு. நாளைக் காலையிலேர்ந்து மாத்திரை. சாப்பாட்டு நேரத்துல இதுக்காகவா ஓடி வந்த? நீ லேப்ல ரத்தம் எடுக்கிறவ, டாக்டர் இல்ல.

– ரத்தம் எடுக்கிறவதான். பதினாறு வருஷமா. தைராய்டு அதிகம்னா கை நடுங்கும், எடை குறையும். ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது, உன் உடம்பு வேற சொல்லுது. எங்கயோ இடிக்குது. என்ன மாத்திரை முழுங்குற?

– ஒண்ணும் இல்ல.

– என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

– இல்லன்னா இல்ல. ஏய், அந்த டிராயரை எதுக்குத் திறக்குற... அதுல கடைச் சாமான்...

– சீப்பு. சீப்பு. கிளிப்பு. இது என்ன, மஞ்சள் டப்பா?

– அது மருந்து இல்லக்கா. வைட்டமின். முடிக்கு.

– பயோட்டின். எவ்வளவு நாளா?

– ரெண்டு மாசம்.

– தினம் ஒண்ணுன்னு போட்டிருக்கு. நீ எத்தனை?

– ...மூணு.

– மூணா?

– ஒண்ணு போட்டா முடி கொட்டுறது நிக்கல. இங்க பாரு... அங்க இல்ல, வகிட்டுக்கிட்ட. தெனம் கறுப்புப் பவுடர் தடவிட்டுத்தான் கடையைத் திறக்கிறேன். முடி வெட்டுறவளுக்கே வழுக்கைன்னு தெரிஞ்சா எவ இந்த நாற்காலியில உக்காருவா?

– என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

– உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி.

– சரி, திட்டினது போதும். கேளு. இது உடம்புல அதிகமா இருந்தா சில ரத்த டெஸ்ட்டையே குழப்பிடும். இல்லாத தைராய்டை இருக்கிற மாதிரி காட்டிடும்.

– அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?

– அப்படிச் சொல்லல. இருக்கா இல்லையான்னு இன்னும் தெரியலன்னு சொல்றேன். இப்பவே டாக்டருக்குப் போன் போடு. டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு எத்தனை மில்லிகிராம், தினம் எத்தனைன்னு படி. எத்தனை நாள் இதை நிறுத்திட்டு மறுபடி ரத்தம் கொடுக்கணும், நாளைக்கு அந்த மாத்திரையை ஆரம்பிக்கலாமா, ரெண்டையும் கேளு. முடி ஏன் கொட்டுதுன்னும் கேளு, வெக்கப்படாம.

– சத்துதானேன்னு நினைச்சேன். காய்கறி மாதிரி...

– காய்கறியை யாரும் டப்பாவுல அடைச்சு மூணு மூணா முழுங்கல. போடு போனை.

– போட்டுட்டேன்... காத்திருக்கச் சொல்றாங்க. டாக்டர் உள்ள ஆள் பாக்குறாங்களாம். அக்கா...

– என்ன?

– இந்த ரிப்போர்ட்டுக்குப் பின்னாடி உங்க லேப் ஃபாரத்தையும் சேர்த்துப் பின் அடிச்சிருக்காங்க. 'வைட்டமின், சத்து மாத்திரை எடுக்கிறீர்களா'ன்னு ஒரு கேள்வி.

– இருக்கும். எல்லாருக்கும் உண்டு.

– 'இல்லை'ன்னு டிக் போட்டிருக்கு. என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே.

– அன்னைக்குக் கூட்டம்.

– கீழ கையெழுத்து உன்னோடது.

– ...கூடப் பொறந்தவளைப் பத்தி எனக்குத் தெரியாததான்னு நினைச்சிட்டேன்டி. மத்தவங்ககிட்டல்லாம் ரெண்டு தடவை கேப்பேன். உன்கிட்ட மட்டும்தான்... டாக்டர் லைன்ல வந்ததும், அக்கா அன்னைக்கே கேட்டாங்க, நான்தான் மறைச்சேன்னு சொல்லிடுறியா?