வேர்வக் கை

இல்ல, நான் தெரியாமத்தான் கேக்குறேன். பதினோரு வருசமா ரோட்டோரக் குழிக்குள்ள ஒரு கால நீட்டிகிட்டு ஒக்காந்து டெலிபோன் கேபிளுக்கு ஜாயிண்டு போட்ட மனுசன், நாப்பத்து மூணு வயசுல மறுபடியும் பென்சிலத் தூக்கிகிட்டு கிளாசுக்குப் போவணும்னா அது அடுக்குமா, சொல்லுங்க அக்கா. கிண்ணத்த அங்க வைங்க. சுண்டல் கிண்ணந்தானே, அதுக்கு என்ன அவசரம். ஒக்காருங்க மொதல்ல. காஜா பெராங்குக்கு நீங்க குடி வந்து பத்து நாளாவுது, ஒரு வார்த்த நின்னு பேசல. சுண்டல்ல உப்பு கம்மிதான், எனக்கே தெரியும். அன்னிக்கு ஏம் மனசு ஒரு எடத்துல இல்ல.

அந்தா, பின்னாடி கொய்யா மரத்தடியில பெஞ்சுல ஒக்காந்திருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. பேரு கேக்காதீங்க, என் வாயால வராது. வாசல்ல இருக்கிற சாமான் பொட்டியில ‘கருணாகரன்’னு பெயிண்டுல எழுதியிருக்கும், போறப்ப படிச்சிக்கிங்க. மெதுவாப் பேசுவோம், காது ரொம்பக் கூர்ம. என்னா பண்றாருன்னு பாக்குறீங்களா? கையில பவுடரு போடுறாரு. பச்சப் புள்ளைங்களுக்குப் போடுற பவுடரு. மூணு நாளா இதே வேல. போடுறாரு, தொடைக்கிறாரு, வெயில்ல காட்டிப் பாக்குறாரு, மறுபடியும் போடுறாரு.

எல்லாம் இந்த மெர்டேக்காவால, சொதந்திரம் கெடச்சதால வந்தது. தப்பா நெனைக்காதீங்க, நானும் பாடாங்கு மைதானத்துல நின்னு கொடி ஏறுறதப் பாத்து அழுதவதான். ஆனா அதுக்கப்புறம் பாருங்க, வெள்ளக்காரத் தொரைங்க ஒவ்வொருத்தரா கப்பலேறுறாங்க, அவுங்க வேலையெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு வருது. சும்மா வருதா? புதுசு புதுசா தரைக்கடியில கேபிளு போடுறாங்க, அதனால இருக்கிற ஆளுங்க எல்லாரும் புதுப் பாடம் படிச்சி பாஸாவணும்னு சொல்லிட்டாங்க. பாஸானா ஜாயிண்டு வேலையிலயே இருக்கலாம், நாளைக்கு போர்மேன்கூட ஆவலாம். ஆவலன்னா மறுபடியும் கம்பத்து கேங்குக்குப் போயிரணும். கம்பம் ஏறணும், அக்கா. முன்ன ஜாசின்ல ஒரு தரம் கம்பத்துலேருந்து விழுந்து, அவருக்கு எடது மொழங்காலு மடங்காது. கக்கூஸுக்குப் போனாக்கூட செவத்தப் புடிச்சிகிட்டு... சரி, அத வுடுங்க.

கிளாசு வாரத்துல மூணு சாயங்காலம், மூணு மாசம். வாத்தியாரு பொன்னுதுரை, யாழ்ப்பாணத்துக்காரரு. நல்ல மனுசந்தான், கொற சொல்லக்கூடாது, ஆனா கேள்வி மேல கேள்வி கேட்டுக் கொன்னுருவாரு. புஸ்தகம் பூராவும் இங்கிலீஷு. எங்க வீட்டுக்காரருக்கு இங்கிலீஷுல கையெழுத்துப் போட வரும், அதோட சரி. யாரு படிச்சிச் சொன்னது? நாந்தான். ஆறாவது வரைக்கும் கான்வெண்டுல படிச்சவ நான். வெங்காயம் உரிச்சிகிட்டே படிப்பேன், தமிழ்ல சொல்லுவேன், அவரு தலையாட்டுவாரு. இப்ப என்னக் கேளுங்க, ஒப்பிக்கிறேன். கேபிளுக்குள்ள கம்பி ஜோடி ஜோடியா இருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் மெல்லிசா காகிதம் சுத்தியிருக்கும். எல்லாத்துக்கும் மேல ஈயம். இந்தக் கேபிளு கம்பியயும் அந்தக் கேபிளு கம்பியயும் சேத்து முறுக்கி, காகிதக் குழாய மாட்டி, கடசியில ஈயத்தக் காய்ச்சி மூடணும். ஒரு ஜோடி மாறிப் போனாலும் பெண்டஹாரா ரோட்டு நகக்கடைக்கு அடிச்சா சாவுப்பொட்டிக் கடையில போன எடுப்பான். சிரிக்கிறீங்க. நெசமா, அக்கா.

அந்தப் புஸ்தகத்துல ஒரு பாடம் பூராவும் ஈரத்தப் பத்தித்தான். ஒரு சொட்டு உள்ள போனாக்கூட காகிதம் குடிச்சிரும், லைனு செத்துரும்னு போட்டிருக்கான். கையில வேர்வ இருந்தாக்கூட ஆவாதாம். அதயும் நாந்தான் படிச்சிச் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு, அன்னிக்கு நெத்திலி சம்பலு.

பரீட்சைக்கு ஆளுக்கு ஒரு ஜாயிண்டு, அம்பது ஜோடி. கம்பியெல்லாம் முறுக்கி முடிச்சாச்சி, ஈயத்தால மூடுறது மட்டும் பரீட்ச அன்னிக்கி. கிளாசு நடக்குற கொட்டாயில கூர ஒழுவுது. அதனால அவுங்கவுங்க ஜாயிண்ட அவுங்கவுங்க வீட்டுல பத்தரமா வச்சிருந்து வியாழக்கெழம எடுத்தாங்கன்னு வாத்தியாரு சொல்லி வுட்டாரு. எங்க வீட்டுக்காரரு பெரிய பிஸ்கட் டின்னு ஒண்ணு தேடிப் புடிச்சி, ஜாயிண்டுக்கு மல்லுத்துணி சுத்தி, அதுக்குள்ள படுக்க வச்சி, அலமாரி மேல ஏத்துனாரு. பெத்த புள்ளயக்கூட அப்படித் தூக்கல.

வியாழக்கெழம விஜயதசமி. படிச்சவங்க பரீட்ச எழுத அத வுட நல்ல நாளு உண்டா? மொத நாளு ஆயுதபூச. அன்னிக்குன்னு பாத்து, ஏரோப்ளேனு எறங்குற எடம் இருக்கே, பத்து பெரெண்டாம் ஏரோடுரோமு, அங்க லைனு செத்துருச்சின்னு லாரி வந்து நிக்கிது. ஆயுதபூச அன்னிக்கி ஆயுதத்தத் தொடலாமா? நான் கத்துறேன், அவரு குறடு, கத்தி, சுத்தி எல்லாத்தயும் பொட்டியில போட்டுகிட்டு லாரியில ஏறிட்டாரு. அப்ப நான் எத வச்சிப் பூச பண்றது? சரஸ்வதி படத்துக்கு முன்னால அந்தப் புஸ்தகத்த வச்சேன். அப்புறம்... அப்புறம் சுண்டல் செஞ்சேன். ஒங்களுக்குக் குடுத்து வுட்டேனே, அதேதான்.

சாயங்காலம் வந்து, புஸ்தகத்தக் குடுங்குறாரு. பூசையில இருக்கிற புஸ்தகத்த யாராச்சும் எடுத்துப் படிப்பாங்களா? நாளைக்குக் காலையில எடுத்துத் தாரேன்னுட்டேன். பரீட்சைக்கி மொத நாளு படிக்க வுடலன்னு மூஞ்சத் தூக்கி வச்சிகிட்டாரு. மூணு மாசம் படிக்காததயா ஒரு சாயங்காலத்துல படிச்சிருவாரு?

மறுநாளு போனாரு. எல்லாரு முன்னாலயும் ஈயத்தக் காய்ச்சி ஊத்தி, வழுவழுன்னு தடவி மூடிட்டாரு. அவ்வளவு அழகா வேற யாருக்கும் வரலன்னு பொன்னுதுரை வாத்தியாரே சொன்னாராம். அதுக்கப்புறம் மீட்டர வச்சாங்க. மத்த ஆறு பேருக்கும் ஊசி நல்லபடியா நிக்கிது, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் படுத்துருச்சி. உள்ள ஈரம். ‘வயசானா சில பேருக்குக் கை வேர்க்க ஆரம்பிச்சிரும், ஒனக்கும் அப்படி ஆயிருச்சி போல’ன்னு சொல்லியிருக்காரு வாத்தியாரு. அவ்வளவுதான். அன்னிக்கு வந்து அந்த பெஞ்சுல ஒக்காந்தவருதான்.

வேர்வக் கைக்காரன் ஜாயிண்டு தொடக்கூடாதுன்னு அவரு மனசுல விழுந்துருச்சி. சோத்துல கைய வைக்கிறதுக்கு முன்னால ஒரு தரம் பாக்குறாரு. முந்தாநேத்து ஏங் கன்னத்துல கைய வச்சி, ‘ஈரம் தெரியுதா’ன்னு கேக்குறாரு. கல்யாணமாயி பதினெட்டு வருசத்துல ஏங் கன்னத்த அவரு தொட்டதே அதுக்குத்தான். நம்ம வீட்டுச் சொந்தக்கார அம்மா இருக்காங்கல்ல, காமாட்சியம்மா, அந்தக் காலத்துலயே இங்க வந்து குடியேறுன செட்டிக் குடும்பம், நம்மள மாதிரியே பொட்டு வைக்கிறாங்க, சாமி கும்புடுறாங்க, பேச்சு மட்டும் மலாயிதான். அவுங்க வேற வேலிப் பக்கம் நின்னு பாத்துட்டு, வெத்தலய அரச்சித் தடவுங்கன்னாங்க. அதயும் தடவுனாரு. பச்சக் கையா நாள் பூராவும் ஒக்காந்திருந்தாரு.

நேத்து என்னக் கூப்புட்டு இங்கிலீஷுல ஒரு கடுதாசி எழுதுங்குறாரு. இனிமே ஜாயிண்டு வேல வேணாம், கம்பத்து கேங்குக்கே போறேன்னு. நாளைக்குத் திங்கக்கெழம, காலையில ஆபீசுல குடுக்கணுமாம். பாதி எழுதிட்டேன். மீதிய எழுத வரல, அக்கா. மொழங்காலு மடங்காதவரு கம்பம் ஏறப் போறேங்குறத ஏங் கையாலயே எழுதணும்னா எப்படி எழுதுறது.

தப்பு யாரு மேல? கொட்டாய்க் கூர மேல. அது ஒழுவலன்னா டின்னு வீட்டுக்கே வந்திருக்காது. ஏரோடுரோம்காரன் மேல. நல்ல நாளுல லாரிய அனுப்புனவன் மேல. வாத்தியாரு மேலயுந்தான், கையப் பத்தி அப்படிச் சொல்லலாமா ஒரு மனுசங்கிட்ட? என்னா, இப்படிப் பாக்குறீங்க.

சரி. புஸ்தகத்துக்கு அப்புறம்னு சொல்லி நிறுத்துனேன்ல. டின்னயும் எறக்கி வச்சேன்.

மூடியோட வச்சா அது பூசையா? தொறந்தேன். மல்லுத்துணியப் பிரிச்சி, ஜாயிண்ட வாழ எலையில வச்சேன். டின்னு மூடிக்கு சந்தனம், குங்குமம். அப்புறம் மாவெலையால மஞ்சத்தண்ணி தெளிச்சேன். எப்பயும் ஆளுக்கு ரெண்டு சொட்டுதான். ஆனா குறடு இல்ல, கத்தி இல்ல, சுத்தி இல்ல, அதுங்களுக்குச் சேர வேண்டியதயும் வீணாக்க வேணாமேன்னு இதுக்கே தெளிச்சிட்டேன். சொம்பு காலி. பூசையில வச்சத அன்னிக்கே எடுக்கக்கூடாதுன்னு தெரியும். ஆனா அவரு பாத்தா கத்துவாருன்னு அவரு வர்றதுக்குள்ள துணியச் சுத்தி, டின்னுல போட்டு, அலமாரி மேல ஏத்திட்டேன். மஞ்சக் கறகூட தெரியாது, அந்தக் காகிதமே பாதி மஞ்ச நெறம்.

எனக்கு ஈரம்னா என்னான்னு தெரியாதா? நாந்தானே படிச்சேன். மழத்தண்ணி போட்டிருக்கான், பனி போட்டிருக்கான், வேர்வ போட்டிருக்கான். தீர்த்தமும் அதுல சேரும்னு ஒரு வரி போட்டிருக்கலாமுல்ல அந்தப் புஸ்தகத்துல?

ஞாயமான காரணம் இருந்தா மறுபரீட்ச வைப்பாங்களாம், அக்கா. காரணம் ஏங்கிட்ட இருக்கு. அவரு அத அவரோட கையில தேடிகிட்டு இருக்காரு. மூணு நாளா வாய் வரைக்கும் வருது, முழுங்கிடுறேன். பயம்லாம் இல்ல. வெக்கமா இருக்கு.

கூப்புடவா? கூப்புட்டுறேன். நீங்க பக்கத்துல இருங்க, வெளி ஆளு முன்னால அவரு சத்தம் போட மாட்டாரு. ஏங்க... இங்க கொஞ்சம் வாங்க. பவுடரு டப்பாவ அங்கயே வச்சிட்டு வாங்க. மெதுவா, படியப் புடிச்சிகிட்டு. புதுசா குடி வந்திருக்காங்கள்ல, இந்த அக்காதான்... எங்க? இப்ப இங்கதானே ஒக்காந்திருந்தாங்க. கதவு தொறந்து கெடக்கு. நல்லா இருக்கு போங்க.

சரி, நீங்க ஒக்காருங்க. கையக் குடுங்க, ரெண்டயும். இந்தக் கையில வேர்வயும் இல்ல, நோவும் இல்ல. புதங்கெழம நீங்க ஏரோடுரோமுக்குப் போனப்புறம் டின்னத் தொறந்து நாந்தான் மஞ்சத்தண்ணி தெளிச்சேன். சொம்பு பூராவும். அந்தக் கடுதாசியக் கிழிச்சிட்டு, நடந்தத அப்படியே வாத்தியாருக்கு நான் எழுதித் தாரேன், ஏம் பேரப் போட்டே எழுதுறேன். இப்பத் திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, இன்னிக்கு ஒரு வார்த்த பதில் பேச மாட்டேன்.

என்னாங்க... திட்டச் சொன்னா கையவே பாத்துகிட்டு ஒக்காந்திருக்கீங்க.