சத்தம் போடாத கட்டில்

கட்டில் கிறீச்சிட்டால் எல்லாரும் முதலில் எண்ணெயைத்தான் தேடுவார்கள். அது தப்பு ஐயா. மரம் எண்ணெயைக் குடித்துவிட்டு நாலு நாளில் பழையபடி கத்த ஆரம்பித்துவிடும். மரமும் மரமும் எங்கே உரசுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நான் மில்லில் பிட்டர். சத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

நீங்கள் என் அண்ணன் நல்லகாமனைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். போன வருஷம் கிணற்றில் தூர் வாரும்போது கயிறு அறுந்து விழுந்தார். கையும் காலும் விளங்காமல் போயின, பேச்சும் போயிற்று. தொண்டையில் வெறும் காற்றுதான் வரும். வலது குதிகால் மட்டும் எப்படியோ மிஞ்சியது. அதைக் கட்டிலில் ஊன்றி ஓர் அழுத்து அழுத்துவார். கட்டில் கிறீச்சென்று கத்தும். அதுதான் அவருக்கு வாய். மாட்டுக்கொட்டத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாலும் அவர் சம்சாரம் ஒச்சாயி மதினி போட்டது போட்டபடி ஓடிவருவார். பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு அக்காவும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒச்சாயி, ஒன் வீட்டுக்காரரு கூப்பிடுறாரு, தண்ணி கேக்குறாரு போல" என்று குரல் கொடுப்பார்.

எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அண்ணன் கூப்பிட்டால் எல்லாரும் ஓட வேண்டும். சோற்றில் வைத்த கையோடு நான் எழுந்து ஓடியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மூத்தவர் மூத்தவர்தானே.

சித்திரையில், அலங்காநல்லூரில் வாக்கப்பட்ட எங்கள் தங்கை ஜெயக்கொடியின் மகள் பெரிய மனுஷி ஆனாள். தாய்மாமன் சீர் போக வேண்டும். நான் டவுனுக்குப் போய்ப் பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தேன். சேதி சொல்ல ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்கு வந்த தங்கை அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பெரியண்ணே சீருதான் மொதல்ல சபை ஏறணும் சின்னண்ணே. தட்டுல அவரு கை பட்டாப் போதும், மதினி கொண்டாந்துரட்டும். நீ இருந்து அவரப் பாத்துக்க" என்றாள். விளங்காத அந்தக் கையைத் தூக்கித் தட்டில் வைத்து எடுத்து, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் விளங்குகிற இரண்டு கையோடும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வயிறு எரிந்தது ஐயா, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் கோபத்தில் ஒன்றைச் செய்கிற ஆள் நான் இல்லை.

மதினிக்குப் போக மனசே வரவில்லை. தங்கப்பொண்ணு அக்காதான், "ஒன் கொழுந்தன் இருக்குல்ல. இல்லாட்டியும் கட்டில் சத்தம் கேட்டா நான் ஓடியாறேன். நிம்மதியாப் போயிட்டு வா" என்று தைரியம் சொன்னார்.

மதினியை பஸ் ஏற்றிவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன். அண்ணனைத் தூக்கிப் பாயில் கிடத்தினேன். காலும் சட்டமும் சேர்கிற இடம் ஆட்டம் கண்டிருந்தது. ஆப்பு சீவி அடித்து இறுக்கினேன். பலகைக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். உரசுகிற இடமெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பக் கட்டிலில் கிடத்தியதும் குதிகாலை ஊன்றினார். சத்தம் வரவில்லை. மறுபடி ஊன்றினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அந்த மாதிரி அவர் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை.

மேலே தகரம், வெளியே கத்திரி வெயில். தண்ணீர்ப் பானை அறை மூலையில்தான் இருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படித்தேன். சாயங்காலம் தங்கப்பொண்ணு அக்கா வாசலில் வந்து நின்றார். "என்னப்பா விருமாண்டி, ஒங்க அண்ணே சத்தத்தையே காணோம்?"

"கட்டில ரிப்பேர் பாத்துட்டேங்க்கா. அசந்து தூங்குறாரு."

"பெறகு அவரு எப்பிடிக் கூப்பிடுவாரு?"

"நான்தான் பக்கத்துலயே இருக்கேன்லக்கா."

"தம்பின்னா இப்பிடியில்ல இருக்கணும்" என்று மெச்சிவிட்டுப் போனார். அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை ஐயா. அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

குதிகால் ஓயவில்லை. ஓர் இடத்தில் டியூப் நழுவப் பார்த்தது, குனிந்து அமுக்கிவிட்டேன். மறுநாள் அவர் உதடு வெடித்திருந்தது. கண் பானையை விட்டு அகலவில்லை. நான் தண்ணீர் மொண்டு அவருக்கு முன்னாலேயே குடித்தேன். அந்த வெயிலில் எனக்கும் தாகம் எடுக்கும் அல்லவா. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் குதிகால் நின்றது. பொழுது சாய மதினி சீர் வீட்டுப் பலகாரத்தோடு வந்து இறங்கினார்.

எட்டுகிற தூரத்தில் தண்ணீர் இருந்தும் ஏன் கொடுக்கவில்லை என்று ஏட்டையாவும் கேட்டார், நீங்களும் அதையே கேட்கிறீர்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அண்ணன் கூப்பிட்டு நான் போகாமல் இருந்தது என் ஆயுசில் கிடையாது. அந்த மூன்று நாளும் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை ஐயா.