வராக்கடன்

ஆமாங்க சார், வட்டிக்குக் குடுக்கறதுதான் என் தொழில். ராணியம்மாள்னா செங்கம் ரோட்டுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. எழுவத்தி நாலுல எங்க ஊட்டுக்காரரு போனாரு. அதுலருந்து இதாங்க சோறு. பௌர்ணமி கிரிவலத்துக்குக் கடை போடறவங்க வாங்குவாங்க. பூ, பொரி, சோடா. லைசென்ஸ் கீது. வரியும் ஒழுங்காக் கட்டறேன்.

இந்த ஆதிமூலமா? அது வராதுங்க. ஆடிட்டர்தான் வராக்கடன்னு போட்டு, என் வருமானத்துல கழிச்சிருக்காரு. தொகை ஜாஸ்திதான்.

வட்டியா? அவருகிட்ட வாங்கலைங்க. பத்திரமும் இல்ல. புரியுதுங்க, தொழில்ல போன பணம்னாதான் கழிக்கலாம், கைமாத்துன்னா கழிக்கக்கூடாதுன்றீங்க. வேற யாருக்கும் நான் அப்பிடிக் குடுத்ததில்லைங்க.

சொந்தந்தான். மருமகன். என் ஒரே பொண்ணு தனத்தோட ஊட்டுக்காரரு.

மொதல்ல லாரி வாங்கன்னாரு. பொண்ண பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டு, பணத்தோட வான்னுட்டுப் போயிட்டாரு. அப்பறம் டயருக்கு. அப்பறம் அவரு தங்கச்சி கல்யாணத்துக்கு. ஒவ்வொரு வாட்டியும் புள்ள ஒரு துணிப்பையோட வந்து நிக்கும். அவருக்குப் பணமுடைம்மா, அவ்ளோதான் சொல்லும். நான் சோறு போட்டு, தல வாரி உட்டு, பணத்தக் குடுத்து பஸ் ஏத்துவேன்.

லாபத்துக்கான்னா... இல்லைங்க. புள்ளைய வெச்சிக்கட்டும்னு குடுத்தேன்.

திருப்பிக் கேட்டேங்க. கேக்காம இருப்பனா? போன தையில நேராவே போனேன். வாசல்லயே நிக்க வெச்சிப் பேசனாரு. எந்தப் பணம்னாரு. உள்ளேருந்து ஒரு பொண்ணு தண்ணி கொணாந்து குடுத்துது. சின்னப் பொண்ணு, கையில மருதாணிகூட மங்கல. வாங்கிக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

யாரா? புதுசாக் கட்டிக்கினது.

சரிங்க சார், கைமாத்துன்னே போட்டுக்குங்க. வரி எவ்ளோ வருதோ கட்டிடறேன்.

தனமா? அது அந்தத் தைக்கு முன்ன, ஐப்பசிலயே போயிடுச்சிங்க. ஸ்டவ் வெடிச்சிதுன்னு எழுதிக்கினாங்க. அந்த ஊட்டுல வெறகடுப்புதாங்க. ஸ்டவ்வே கெடையாது.