முன் பிரேக்கில் ஒரு சொட்டு

ஆறு வருடம் ஓட்டாமல் கிடந்த சைக்கிள் என்றால் பிரேக் கெட்டிருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கெட்டிருக்காது. முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான். பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

எழுதித் தரச் சொன்னீர்கள். நடந்தபடியே எழுதுகிறேன்.

தகடு அழுத்தும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக நான் எந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். அங்கிருக்கும் பெரிய பிரஸ்ஸும் என் தம்பியின் மலை சைக்கிள் பிரேக்கும் ஒரே விதியில் ஓடுபவை. லீவரை அழுத்தினால் குழாயில் இருக்கும் எண்ணெய் மறுமுனையைத் தள்ளும், பேட் இரண்டும் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வும், சக்கரம் நிற்கும். எண்ணெய் அமுங்காது. காற்று அமுங்கும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், கையில் இருக்கிற பலமெல்லாம் அதைப் பிசைவதிலேயே போய்விடும்.

அம்மா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அப்பா அதற்கு முன்பே இல்லை. அவனுக்குப் பல் தேய்த்து, கணக்குச் சொல்லிக்கொடுத்து, காய்ச்சலில் விழித்திருந்து வளர்த்தது நான். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. அவன் பொருள் எதைச் சரிபார்த்தாலும் முடிந்ததும் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டுவேன். புத்தகப் பை, ஷூ, பிறகு சைக்கிள். தட்டிவிட்டால் அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டான். கிளம்பிவிடுவான்.

வேலைக்கென்று அவன் வெளியூர் போனதும் சைக்கிளைப் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தினேன். முதலில் வாராவாரம் போன் செய்தான். பிறகு மாதம் ஒரு முறை. இந்த முறை ஐந்து நாள் இருப்பதாகச் சொல்லி வந்தான்.

"அக்கா, என் குதிரை உயிரோட இருக்கா?" என்று செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்.

"படிக்கட்டுக்கு அடியில கிடக்கு. உன்னை மாதிரிதான். ஆறு வருஷமா மூச்சு விடல."

"வாசப்படி தாண்டறதுக்குள்ளயே ஆரம்பிச்சிட்டியா? பையையாவது கீழ வைக்க விடு தாயே."

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னான். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது. கல்யாணம் செய்துகொண்டு அவள் வேலை பார்க்கும் நாட்டுக்கே போய்விடப் போகிறான். "இனிமே வர்றது கொஞ்சம் கஷ்டம்க்கா," என்றான். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். ஊற்றினேன்.

அன்று மாலையே சைக்கிளை வெளியே எடுத்தேன். லீவர் இரண்டும் தொய்ந்துபோய் கைப்பிடியில் வந்து இடித்தன. பின் பிரேக்கில் பேட்டைத் தள்ளுகிற பிஸ்டன் ஒன்று இறுகிப்போயிருந்தது. துடைத்து, எண்ணெய் தொட்டு, உள்ளே தள்ளி வெளியே இழுத்து அதை வழிக்குக் கொண்டுவந்தேன். குழாயிலிருந்த பழைய எண்ணெய் கறுத்துப் போயிருந்தது. அதை வடித்துப் புதிதாக நிரப்பி, குமிழி வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றினேன். இரண்டு மாலை ஆனது. அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அமர்ந்து அந்தப் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

"அவ உன்னை மாதிரி இல்லக்கா. சாவியத் தொலைச்சிட்டு நடுத்தெருவுல நின்னு சிரிப்பா. நீயா இருந்தா அன்னைக்கு வீட்டுல சோறு கிடையாது."

நானும் சிரித்தேன். அதுவரை நான் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் முன் பிரேக்குக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருந்தது. அதை மாற்றியே ஆக வேண்டும். சைக்கிள் கடைக்காரர் உங்களிடம் சொன்னது உண்மைதான், சீல் கேட்டு அவரிடம் போனேன். "வெள்ளிக்கிழமைதான் சரக்கு வரும். அதுவரைக்கும் யாரும் ஏற வேணாம்னு சொல்லிடுங்கம்மா," என்றார். "சொல்லிடறேன்," என்றேன். தம்பி கிளம்ப வேண்டியது புதன்கிழமை.

வீட்டுக்கு வந்து அவனிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இரேன்டா."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா இருக்கத்தான்க்கா நேரமே இல்ல."

காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் ஒருவேளை இருந்திருப்பான். ஆனால் அது சீலுக்காக இருந்ததாக ஆகும். எனக்காக இருந்ததாக ஆகாது.

அந்தச் சொட்டைத் துணியால் துடைத்தேன். பிறகு பின் பிரேக்கைத் திறந்து, இரண்டு மாலை பாடுபட்டு எடுத்த காற்றில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாசலில் நின்று நான்கைந்து முறை அழுத்தினால் லீவர் கல் மாதிரி நிற்கும். நீண்ட இறக்கத்தில் அப்படி நிற்காது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து மூன்றாவது வளைவு வரை சாலை இறக்கம்தான். அந்த வளைவில் ஒரு கல் சுவர் இருக்கிறது. இடுப்பு உயரம்.

நான் பேராசைப்படவில்லை. ஒரு கால், மிஞ்சினால் இடுப்பு என்று நினைத்தேன். ஆறு மாதம் படுத்திருப்பான். அதற்குள் அந்தப் பெண் வேறு எதையாவது தொலைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

மேசைமேல் நீங்கள் வைத்த ரசீது என்னுடையதுதான். நோயாளிக் கட்டிலுக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பு ஒன்று, உட்கார்ந்தபடி குளிப்பாட்டும் நாற்காலி ஒன்று. விபத்துக்கு முந்தைய நாள் தேதி இருப்பதில் தவறு ஏதுமில்லை. அன்றுதான் வாங்கினேன். அவன் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் நகர்த்தியதும் அன்றுதான்.

"என்னக்கா, கட்டில் ஊர்வலம் போகுது?"

"இங்க காத்து வரும்."

"நாளன்னிக்குக் கிளம்பறவனுக்கா?" என்று சொல்லிக்கொண்டே மறுமுனையை அவனும் பிடித்தான். பாரம் அதிகம். அவன் கைகொடுக்காவிட்டால் எனக்கு முதுகு பிடித்திருக்கும்.

மறுநாள் காலை சைக்கிளை வாசலுக்கு எடுத்து வந்தான். ஹெல்மெட்டை நானே மாட்டி, தாடைக்கு அடியில் வாரை இறுக்கினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஆச்சாக்கா?"

சீட்டின்மேல் இரண்டு தட்டுத் தட்டினேன். வாயால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"பத்து நிமிஷத்துல வந்துடுவேன். டீ போட்டு வை."

தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். முதல் வளைவில் டிஸ்க் கிறீச்சிட்டது. இரண்டாவதில் லேசாக. பிறகு சத்தமே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனேன். எரிகிற அடுப்பை விட்டுவிட்டு நான் வெளியே போவதில்லை.

ஹெல்மெட் அவ்வளவு மோசமாக உடையும் என்று எதிர்பார்க்கவில்லை. அது என் கணிப்பில் வந்த பிழை. அதற்கு நான் வருந்துகிறேன்.

எட்டு மாதம் ஆகிறது. அவனால் பேச முடியாது, எழ முடியாது. நான்தான் ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன், தலைவாரி விடுகிறேன். அந்தப் பெண் இரண்டு முறை வந்தாள். இரண்டாம் முறை வாசலிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாமென்று அவன் சைகையில் சொன்னதாகச் சொன்னேன். அழுதாள். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் நல்ல மனிதர். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள், "வலது கை விரல் அசையுதும்மா. தினம் ரெண்டு வேளை அரை மணி நேரம் நீங்க பயிற்சி குடுத்தா வருஷத்துக்குள்ள எழுந்து உட்காருவாரு. பேச்சும் வரும்," என்றார். தாள் ஒன்றும் கொடுத்தார், தினமும் கையெழுத்துப் போடுவதற்கு. அதில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. எல்லாக் கையெழுத்தும் என்னுடையவை. பயிற்சி மட்டும் ஒரு நாளும் கொடுக்கவில்லை. அவன் விரல்கள் போர்வையைப் பற்ற முயன்றால் மெதுவாகப் பிரித்து, மடக்கி, உள்ளே வைத்துவிடுவேன்.

இதுதான் நான் செய்தது. எதையும் மறைக்கவில்லை.

அவனை வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொல்கிறீர்கள். அவன் குணம் உங்களுக்குத் தெரியாது. புது ஆட்கள் இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. நீங்கள் வந்த அன்றுகூடக் கண் இமைக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே வந்ததும்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டான், நீங்களே பார்த்தீர்கள். எட்டு மாதமாக அப்படித்தான். என் காலடிச் சத்தம் கேட்ட பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.