பெட்டியில் போட்டிருந்த வேகம்

உங்கள் லேப்டாப்பில் நெட் மெதுவாக வருகிறது என்று அதைத் திட்டாதீர்கள் சார். ஒரே ஒரு ஆன்டெனா உள்ள மெஷின் அது. எவ்வளவு நல்ல வயர்லெஸ் ரவுட்டர் பெட்டியை வைத்தாலும் நூற்றைம்பது எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் பிடிக்காது. அதுவும் பெட்டிக்குப் பக்கத்தில், குறுக்கே வேறு யாரும் வராவிட்டால்தான். காசிமேட்டு ஐஸ் பேக்டரியிலும் இதைத்தான் சொன்னேன். நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஆன்றோ சொன்னால் சரியாக இருக்கும் என்று ராயபுரம் முழுக்கச் சொல்வார்கள்.

பேக்டரி முதலாளி வேதமாணிக்கத்துக்கும் எனக்கும் நாசரேத்துதான் சொந்த ஊர். அமோனியா கசிந்தால் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைப் பின்பக்க மெஷின் ரூமில் மாட்டியிருந்தார். அதற்கும் ஒற்றை ஆன்டெனாதான். கசிவு தெரிந்ததும் என் பெட்டி வழியாக ஆபீசுக்குச் செய்தி அனுப்பும், ஆபீசில் மணி அடிக்கும். உடனே யாராவது ரூமுக்கு வெளியே இருக்கிற அமோனியா வால்வை மூடிவிட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். மெஷின் பார்க்கிற துரை அந்த மணியை நம்பித்தான் மெஷினில் தேங்கும் எண்ணெயை வடிக்கத் தனியாக உள்ளே போவார்.

முதல் வாரமே துரை எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, பொட்டில நூத்தம்பதுன்னு போட்டு கீது, இங்க நொண்டிகினு வருது? டுபாக்கூர் பொட்டியா?"

ஐஸ் உடைக்கிறவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

கோளாறு பெட்டியில் இல்லை சார், அந்தக் கருவியில். இரண்டு கனத்த சுவருக்கு அந்தப்பக்கம் இருந்துகொண்டு அது இழுத்து இழுத்துப் பேசும். அது பேசி முடிக்கும்வரை மற்ற மெஷின்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வேதமாணிக்கம் நியாயமான மனுஷன். "பின்னால இன்னொரு பெட்டி போட்டுருடே, ரூவா நான் தாரேன்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு பெட்டி போதும் என்று சொன்னவன் நான்.

அதனால் கருவியை நெட்வொர்க்குக்கு வெளியே நிறுத்தினேன். கழற்றவில்லை, உடைக்கவில்லை. பெட்டி அதைச் சேர்த்துக்கொள்ளாதபடி செய்தேன், அவ்வளவுதான். கருவியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கரண்ட் இருந்தால் அது எரியும்.

துரைகூட வந்து கேட்டார். "இத்த நம்பித்தான் உள்ள பூர்றேன். அடிக்கும்ல நைனா?"

"பச்சை எரியுதுல்ல அண்ணே" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அன்றைக்கு முற்பகலில் முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேமராப் பதிவு மொத்தத்தையும் அவருடைய லேப்டாப்பில் இறக்கிக் காட்டினேன். திரையில் நூற்றைம்பது வந்தது. "அடேயப்பா" என்று எழுந்து, டீ சொல்ல வாசலுக்குப் போனார். அப்போதுதான் என் லேப்டாப் திரையின் ஓரத்தில் கருவி உள்ளே வரக் கேட்பது தெரிந்தது. சும்மா இருக்கும்போது எப்போதாவது கேட்கும். இப்போது விடாமல் கேட்டது. கசிவு இருந்தால்தான் அப்படிக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும்.

அனுமதி என்று ஒரு தடவை அழுத்தியிருந்தால் போதும், மணி அடித்திருக்கும். ஆனால் வேகம் விழுந்திருக்கும். முதலாளி இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை. அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே கடைசிவரை பார்த்தார். "நீ சொன்னது சரிதாம்டே" என்றார்.

அதற்குப் பிறகு கருவியை உள்ளே விட்டேன். மணி அடித்தது. முகமூடியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடினவனும் நான்தான். உள்ளே எண்ணெய் வடிக்கிற வால்வுக்குப் பக்கத்தில் துரை குப்புறக் கிடந்தார். அவர் மனைவி ராஜாத்தி ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் ஓடுனியே சாமி" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

எல்லாவற்றையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். பெட்டி நூற்றைம்பது கொடுத்தது என்பதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். துரை இருந்திருந்தால், நானே கூட்டிக்கொண்டு போய் அவருக்குக் காட்டியிருப்பேன்.